3.14-க்கு நடந்த பேரம்

1. சேர்ந்த நாள்

தார்ப்பாய்க் கடையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி எனக்குப் பரீட்சை வைத்தார். "ஏம்மா வசந்தா, பிளஸ் டூல கணக்கு எடுத்தியாமே. கூம்பா கொட்டி வச்ச உப்புக்குத் துணி எவ்ளோ புடிக்கும்னு சொல்ல முடியுமா?"

முடியும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை அந்தக் கேள்விக்குக் கடையில் இருந்த ஒரே விடை "பார்த்து வெட்டிக்கலாம்." அப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டிய துணியெல்லாம் யாருக்கும் ஆகாமல் பரணில் கிடந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மரக்காணம் உப்பளங்களில் மழைக்கு முன்னால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடுவதுதான் வழக்கம். சுனாமி நிவாரணத்துக்கு நீலத் தார்ப்பாய் வந்து இறங்கிய பிறகு உப்பளக்காரர்களுக்கும் அதன் மேல் ஆசை வந்தது. சதுரத் துணியைக் கூம்பின் மேல் போர்த்தினால் ஓரமெல்லாம் மடிந்து தொங்கும், காற்று புகுந்து தூக்கும். அதனால் எங்கள் முதலாளி, குவியலின் அளவுக்கே குல்லா தைத்துத் தரப்படும் என்று போர்டு வைத்தார். அளவெடுக்க நான்.

கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்குதான். அடி அகலத்தில் பாதி. அடியிலிருந்து உச்சி வரைக்கும் கயிறு போட்டால் வருகிற சாய்வு உயரம். இரண்டையும் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் கூம்பின் வளைபரப்பு. தையலுக்கும் ஓர மடிப்புக்கும் கொஞ்சம் கூடுதல். இதில் பேரம் பேச ஒரு இடம் இருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்த சார் சொல்லவே இல்லை. அவர் உப்பளம் பக்கம் வராதவர்.

2. பேரம்

தனகோட்டி குத்தகைக்கு உப்பளம் எடுத்திருந்தார். அவரும் அவர் மனைவி அஞ்சலையும் வெயிலில் நின்று வாரிய உப்பு ஒரே குவியலாகக் கரையில் நின்றது. கோடையில் விற்காமல் மழைக்கால விலைக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். அதை விற்றால்தான் அடுத்த வருடம் குத்தகை தொடரும். கரைந்தால் இரண்டு பேரும் அதே உப்பளத்தில் இன்னொருவரிடம் கூலிக்கு இறங்க வேண்டும். அஞ்சலை இதை என்னிடம் சொன்னபோது பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் அளந்து கணக்கைச் சொன்னேன். தனகோட்டி அக்கறையாகத்தான் கேட்டார்.

"பாதி அகலம் பதினஞ்சு அடி, சரி. சாய்வு பதினெட்டு, சரி. அது என்னாமா மூணு புள்ளி ஒண்ணு நாலு?"

"அதுக்குப் பைன்னு பேருங்க. வட்டமா இருக்கிற எல்லாத்துக்கும் வரும்."

"யாருக்கு வரும்? உங்க கடைக்கா?"

"இல்லைங்க. எல்லாருக்கும் ஒரே கணக்குதான்."

"மெட்ராஸ்காரனுக்கும் இதேவா?"

"ஜப்பான்காரனுக்கும் இதேதாங்க."

"அவன் குடுப்பான். அவனுக்கு இருக்குது. நமக்குப் பார்த்துப் போடுமா. மூணுன்னு வச்சுக்க."

கயிற்றை எடுத்துக் குவியலைச் சுற்றி வந்து காட்டினேன். தொண்ணூற்று நாலு அடி வந்தது. மூணு என்று வைத்தால் தொண்ணூறுதான் வரும், மீதித் துணிக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவர் கயிற்றை ஏற இறங்கப் பார்த்தார். "கயிறு வளைஞ்சி வளைஞ்சி போயிருக்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ணு கேக்கறதக் குடுத்துட்டு வாயேன்யா. வானம் இருட்டிக்கினு வருது" என்றாள் அஞ்சலை.

"நீ பேசாம இரு. வியாபாரம் உனக்குத் தெரியாது."

விஷயம் முதலாளியிடம் போனது. அவர் கணக்கைப் பார்க்கவில்லை, தனகோட்டியைப் பார்த்தார். "பழைய கஸ்டமர்மா. மூணே போட்டுடு."

"முதலாளி, அதைக் குறைக்க முடியாதுங்க."

"ஏன், கவர்மென்ட்டு போட்ட ரேட்டா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்னா?"

முதலாளியே பில்லில் மூணு என்று எழுதினார். ஓர மடிப்புக்கான கூடுதல் துணியையும் கழித்துவிட்டார்கள். கை குலுக்கினார்கள். டீ வந்தது. உலகமெல்லாம் தலையால் தண்ணீர் குடித்தும் அசையாத ஒரு எண்ணை எங்கள் கடையில் ஒரு டீ நேரத்தில் இறக்கிவிட்டார்கள்.

3. மழை

குல்லாவைக் குவியல் மேல் ஏற்றினோம். உச்சியில் பொருந்தியது. அடியில் இரண்டு ஓரமும் சேராமல் நாலு அடிக்கு மேல் வாய் பிளந்து நின்றது. இழுத்தார்கள், தட்டினார்கள், தைத்தவரைத் திட்டினார்கள். கடைசியில் தனகோட்டிக்கு ஒரு யோசனை வந்தது. ரோட்டில் போகிற உப்புப் புரோக்கர் கண்ணில் படாமல் அந்த வாயைக் கடல் பக்கம் திருப்பிவைத்து, சாக்கு வைத்து அடைத்தார். மழையும் காற்றும் எங்கள் ஊருக்குள் வருவதே அந்தப் பக்கமாகத்தான். அவற்றுக்கு வாசல் வைத்துக் கொடுத்த புண்ணியவான் அவர்.

மழை பிடித்துக்கொண்டது. சாக்கு முதலில் போனது. காற்று உள்ளே புகுந்து குல்லாவைப் படபடவென்று அடித்தது. தனகோட்டியும் அஞ்சலையும் ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், கை மரத்துப்போகிற வரைக்கும்.

மழை விட்ட பிறகு முதலாளியோடு நானும் போனேன். கடல் பக்கத்து உப்பு பெரும்பாலும் கரைந்து குவியல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தார்ப்பாயும் கூடவே இறங்கி, விலகி நின்ற இரண்டு ஓரமும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடந்தன.

தனகோட்டி அதைச் சுற்றி வந்தார். ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "பாரு முதலாளி, இப்போ கரெக்டா மூடுது. மூணே போதும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். முதலாளியும் தலையாட்டினார்.

அஞ்சலை வாய்க்கால் ஓரம் குனிந்து, ஓடுகிற தண்ணீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "எல்லாம் இங்கதான் போயிருக்குது" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கணக்கு சரியாக வந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

4. கற்றுக்கொண்டது

மிச்ச உப்பை விற்று, அஞ்சலையின் தோடும் போய், எப்படியோ குத்தகை நிலைத்தது. மறு வருடம் தனகோட்டி திரும்ப வந்தார். நான் அளந்துவிட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பை நாலுங்க" என்றேன்.

"நாலா? போன வருஷம் மூணு சொச்சம்தானே சொன்ன?"

"எல்லாம் ஏறிப்போச்சுங்க."

அவர் எகிறினார். நான் மூணே முக்காலுக்கு இறங்கினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கூப்பிட்டு மூன்றரை என்றேன். முதலாளி இரண்டு பேரையும் சமாதானம் செய்தார். கடைசியில் நான் பெருமூச்சு விட்டு, "வெளிய சொல்லாதீங்க, உங்களுக்காக மூணு புள்ளி ஒண்ணு நாலு" என்றேன். ஓர மடிப்பை இனாமாகச் சேர்த்தேன். தனகோட்டி மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

குல்லா அடி வரைக்கும் இறங்கிப் பொருந்தியது. மழை முடிந்து பிரித்தபோது குவியல் கொட்டிய மாதிரியே நின்றது. நாலு சொன்ன கடைக்காரியை எங்கே கொண்டுவந்து நிறுத்தினேன் பார் என்று தனகோட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சூத்திரம் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. வருகிற ஆள் எவ்வளவு குறைப்பார் என்பதையும் சேர்த்துப் போட்டால்தான் துணி பத்தும்.

அஞ்சலை மட்டும் லோடு ஏற்றுகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். காதில் தோடு இருந்த துளையில் ஈர்க்குச்சி சொருகியிருந்தது.