கைதட்டும் தொப்பியும் கழற்றிய மூடியும்

கைதட்டும் தொப்பி என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதற்காகச் செய்த பொருள்தான் அது. தலையில் மாட்டிக்கொண்டு, தாடைக்குக் கீழே வாரில் இருக்கும் பட்டனை அழுத்தினால், உச்சந்தலைக்கு மேலே இரண்டு பிளாஸ்டிக் கைகள் டப் டப்பென்று தட்டும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கபடி மைதானங்களில் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த பட்டறையில் மோட்டார் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளராக இருந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "இந்த ஐடியா எப்படிக்கா வந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்பார்கள். ஐடியா எல்லோருக்கும் வரும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நான் சொல்ல நினைக்கிறேன்.

1. மூடி

எங்கள் பட்டறை தஞ்சாவூர் புறவழிச் சாலையை ஒட்டி இருந்தது. முதலாளி ரகு சார், மெக்கானிக்கல் படித்தவர். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் மோட்டார் பொம்மைகளைத்தான் முதலில் செய்துகொண்டிருந்தோம். திருக்கடையூர்ப் பக்கம் அறுபதாம் கல்யாணம் நடக்கும் மண்டபங்களில் எங்கள் பொம்மைகள் வணக்கம் போட்டுக்கொண்டு நிற்கும். பிறகு ஊருக்கு ஊர் கபடிப் போட்டிகள் பெரிதாக நடக்கத் தொடங்கியதும், ரகு சாருக்குத் தொப்பி யோசனை வந்தது.

அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல மூளை. பேட்டரி டப்பா பின்மண்டையில், மோட்டார் உச்சியில், அதன் பக்கத்தில் இரண்டு நைலான் கியர். கியர் சுற்றினால் கைகள் தட்டும். கியருக்கு மேலே ஒரு மூடி. அந்த மூடியையும் அவர்தான் வரைந்தார். "முடி, துணி எதுவும் உள்ள போயிரக் கூடாதும்மா" என்று அவரே என்னிடம் சொல்லி, விளிம்பை இரண்டு முறை மாற்றினார். அதனால்தான் பின்னால் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. தெரியாமல் செய்தவர் மேல் ஒரு எல்லைக்கு மேல் கோபப்பட முடியாது.

குடவாசல் பக்கத்தில் நடக்கவிருந்த போட்டிக்கு ஒரு டிராக்டர் கம்பெனி விளம்பரம் கொடுத்தது. தொப்பி முழுக்க அவர்கள் பெயரோடு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசம். அந்தக் கம்பெனியின் விளம்பர அதிகாரி மாதிரித் தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சக்கரம் சுத்துறது வெளிய தெரியணும் சார். எங்களுது டிராக்டர் கம்பெனி. மெஷின் ஓடுறது கண்ணுக்குத் தெரிஞ்சாதான் கெத்து. இந்த மூடியத் தூக்கிடுங்க."

ரகு சார் தான் வரைந்த மூடியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். அப்புறம், "தூக்கிரலாம் சார்" என்றார்.

அந்த அதிகாரி போனதும் நான் என் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தின் நுனியைப் பிய்த்து, மூடியைக் கழற்றி ஓடவிட்ட கியர் பக்கத்தில் கொண்டுபோனேன். சரத்தை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. நாரும் பூவும் கூழாகி வெளியே வந்தன.

"எனக்குத் தெரியாதா வசந்தாம்மா?" என்றார் ரகு சார். "நான் வரைஞ்ச மூடி அது. ஆனா கபடி பாக்க யாரு வர்றா? எல்லாம் ஆம்பளைங்க. கிராப்பு வெட்டுன தலை. எந்த முடி போய்ச் சிக்கப் போவுது?"

"பொம்பளைங்களும் வருவாங்க சார்."

"வந்தா ஓரமா நிப்பாங்க. தொப்பியெல்லாம் போட மாட்டாங்க."

பெண்கள் தொப்பி போடமாட்டார்கள் என்று சொன்ன அந்த இடத்தில், அந்தத் தொப்பிகளைப் பூட்டிக்கொண்டிருந்த எல்லோரும் பெண்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்குரூ டிரைவர் சத்தம் மட்டும் கேட்டது.

2. குடவாசல்

சம்பா அறுவடை முடிந்த நேரம். அறுத்த வயலை மட்டம் அடித்து மைதானம் ஆக்கியிருந்தார்கள். கடைசி நாள் பெண்கள் இறுதிப் போட்டி. நான் தொப்பிக் கடையில் நின்றேன்; ஏதாவது ஓடாமல் போனால் சரிசெய்வதற்காக என் பையில் டூல்ஸ் இருந்தது.

பெண்கள் வந்தார்கள். ஓரமாக நிற்கவில்லை. லோடு ஆட்டோவிலும் டிராக்டர் பெட்டியிலும் வந்து இறங்கி, முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்று நடுகிற கைகள் எல்லாம் தொப்பிக்காக நீண்டன. கொடுக்கிற பையன்களை நான் தடுத்தேன். "பொம்பளைங்களுக்குக் குடுக்காதப்பா, முடி மாட்டிக்கும்" என்றேன். டிராக்டர் கம்பெனி ஆள் வந்து, "இலவசப் பொருள குடுக்க மாட்டேன்னா எப்படிம்மா? கூட்டம் கலாட்டா பண்ணும்" என்று என்னை நகர்த்திவிட்டு அவரே எடுத்துக் கொடுத்தார்.

முன்வரிசையில் ஜமீலா என்கிற பெண் இருந்தார். முத்துப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர் என்பதும், களத்தில் ஒரு அணியின் முக்கிய ரைடர் அவர் மகள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். முக்காட்டுக்கு மேலேயே தொப்பியை மாட்டியிருந்தார். மகள் ரைடுக்குப் போனாள். "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணிக் கோட்டைத் தொட்டாள். கூட்டம் எழுந்தது. ஜமீலாவும் எழுந்து பட்டனை அழுத்தினார்.

முதலில் முக்காட்டுத் துணி போனது. அதன் பின்னாலேயே முடியும் போனது. அவர் கத்திய கத்தல் மைதானம் முழுக்கக் கேட்டது.

களத்தில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "உம்மா!" என்றாள். பாட்டு அறுந்தது. எதிரணி அவளை அமுக்கிவிட்டது.

நான் ஓடினேன். பட்டனை அழுத்தலாம் என்றால், துணி இழுத்த இழுப்பில் வார் தாடைக்குள் புதைந்திருந்தது. பின்மண்டையில் இருந்த பேட்டரி டப்பாவைப் பிடுங்கினேன். மோட்டார் நின்றது. கியர் விடவில்லை. மோட்டார் ஸ்குரூக்களைக் கழற்றி, கியரைக் கட்டைவிரலால் பின்பக்கமாகச் சுற்றினேன். அதற்குள் கொத்தாக முடி தோலோடு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் முந்தானையை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, வந்துருச்சு, வந்துருச்சு" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜமீலா என்னைப் பார்க்கவே இல்லை. "எம் மவ அவுட்டா? அவுட்டாயிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிய கையோடு மைக்கில் அறிவிப்பு வந்தது. ரகு சார் அறிவிப்பாளர் காதில் ஏதோ சொல்வதை நான் பார்த்தேன்.

"தாய்மார்கள் கவனத்திற்கு! கூந்தல் உள்ளவர்களும் முக்காடு அணிந்தவர்களும் தயவுசெய்து தொப்பி போட வேண்டாம். கவனக்குறைவாகப் பயன்படுத்தினால் நிர்வாகம் பொறுப்பல்ல!"

கவனக்குறைவாம். மூடியைக் கழற்றியவர் மைக் பக்கத்தில் நிற்கிறார். கவனக்குறைவு ரத்தம் ஒழுகப் போனவருடையதாம்! கையில் அந்த உடைந்த தொப்பியோடு மேடையேறி, அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். அதுவரை நான் மைக்கில் பேசியதே இல்லை.

"நான் இந்தத் தொப்பி செய்யுற எடத்துல வேல பாக்குறேன். அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. இதுக்கு ஒரு மூடி இருந்துச்சு. சக்கரம் தெரியணும்னு எடுத்துட்டாங்க. ஆம்பள பொம்பள யாரும் போடாதீங்க. எல்லாரும் கழட்டி வச்சுருங்க. பட்டன அழுத்தாம கழட்டுங்க."

அப்புறம் முன்வரிசையில் ஒரு வயதான அம்மா எழுந்து, "எங்க தலைல முடி இருக்குறது குத்தமாம்ல!" என்று சொல்லித் தொப்பியைக் களத்துக்கு வெளியே வீசினார். அதன் பிறகு அறுத்த வயல் பூரா தொப்பிதான் கிடந்தது.

ஜமீலாவின் மகள் விளையாடிய அணி தோற்றது.

3. லேடீஸ் மாடல்

அடுத்த முறை பட்டறை திறந்தபோது ரகு சார் என்னைக் கூப்பிட்டார்.

"மைக்கப் புடிச்சு மானத்த வாங்கிட்டீங்களே வசந்தாம்மா. எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேன் சார். பூ வச்சுக் காட்டுனேன்."

மூடியைத் திரும்பப் போடுவதாகச் சொன்னார். எனக்கு மனசு லேசானது. அந்த நிம்மதி புது அட்டைப்பெட்டி வந்து இறங்கும் வரைதான். ரோஸ் நிறப் பெட்டி. மேலே 'லேடீஸ் மாடல், பாதுகாப்பு மூடியுடன்' என்று அச்சடித்திருந்தது. பழைய தொப்பி பழையபடி மூடி இல்லாமலே ஓடுமாம். தன் தவறை மறைக்க ஒரு புதுச் சரக்கு! ஆண்களின் கழுத்தில் துண்டு இல்லையா? தோளில் ஏறி உட்கார்ந்து கபடி பார்க்கும் பிள்ளைகளுக்கு விரல் இல்லையா?

நான் சண்டைக்குப் போவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. பூட்டுகிற வரிசையில் கலா என்று ஒரு பெண். அதிகம் பேச மாட்டாள். ரகு சார் சுற்றிப் பார்க்க வந்தபோது, அவள் மேஜையில் சாதா மாடல்கள் எல்லாவற்றிலும் மூடி இருந்தது.

"இதுக்கு ஏம்மா மூடி போட்ட?"

"மூடி இல்லாம பூட்ட மாட்டேன் சார்."

"நான்தான சொல்றேன்?"

"நீங்க சொல்றீங்க. பூட்டுறது நானு."

அடுத்த மேஜைக்குப் போனார். அங்கேயும் மூடி. அதற்கடுத்த மேஜையிலும் மூடி. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் வெளியே போகவில்லை. போட்டுக்கொண்டே இருந்தார்கள். ரகு சார் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருப்பார். சத்தியமாக இல்லை. சொல்லியிருந்தால் இன்று பெருமையாகவே ஒப்புக்கொள்வேன்.

ரோஸ் பெட்டிகள் அன்றோடு மூலைக்குப் போயின. ஒரே மாடல், மூடியோடு. டிராக்டர் கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை என்று பிறகு தெரிந்தது.

4. முத்துப்பேட்டை

சில வாரங்கள் கழித்து ரகு சார் ஒரு பழப்பையை என் கையில் கொடுத்தார். "கம்பெனி சார்பா நீங்க போய் அந்தம்மாவப் பாத்துட்டு வந்துருங்க. பொம்பளைக்குப் பொம்பள பேசுனா சரியாப் போயிரும்."

எனக்கும் ஜமீலாவைப் பார்க்க வேண்டும்போல்தான் இருந்தது. முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். காயம் ஆறிவிட்டது, அந்த இடத்தில் முடி வரவில்லை என்றார்.

"அன்னிக்கி நீங்க மைக்குல பேசுனத எம் மவ சொன்னா. நல்லா இருங்க" என்றவர், பையைப் பார்த்தார். "இது என்ன?"

"முதலாளி குடுத்து விட்டாரும்மா. மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

ஜமீலா சத்தம் உயர்த்தவில்லை. "நீங்கதான் எந்தலையிலேருந்து அத எடுத்து விட்டீங்க. நீங்க எதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? எம் மவ என்னையத் திரும்பிப் பாத்ததுக்கு அவுட்டானா. இன்னமும், 'நான் திரும்பாம இருந்துருக்கணுமா உம்மா?'ன்னு கேக்குறா. என்னன்னு சொல்லச் சொல்றீங்க? அந்தக் கேள்விக்கு அவரு வந்து பதில் சொல்லட்டும். பழத்த எடுத்துட்டுப் போங்க. உங்க மேல எனக்குக் கோவமில்ல."

டீயைக் குடித்து முடிக்கும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தார். பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றியும் விட்டார்.

திரும்பி வந்து பையை ரகு சார் மேஜையில் வைத்தேன். ஜமீலா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "அதான் நீங்க போயிட்டு வந்துட்டீங்கல்ல" என்றார். நான் ஓய்வு பெறும்வரை பல முறை நினைவுபடுத்தினேன். தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டை ஒன்றும் அயல்நாடு அல்ல. அவர் போகவே இல்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கியருக்கு மூடி போடச் சொல்லி யாரும் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். மேலே இருப்பவர் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டு வா என்று ஒருநாள் உங்களையும் அனுப்புவார்கள். அன்றைக்குத் தனியாகப் போகாதீர்கள். "நீங்களும் வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து செருப்பு மாட்டும் வரை வாசலிலேயே நில்லுங்கள். நான் நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன்.