சோப்பு உறையில் ஏறிய பூக்கள்

வீட்டில் அவளுக்கு முதலாளியம்மா என்று பெயர். கணவன் வைத்தது. வேலையை விட்டுவிட்டுத் தனியாக டிசைன் செய்யப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று விளையாட்டாகக் கூப்பிட்டான், அதுவே ஒட்டிக்கொண்டது. முதலாளியம்மாவை அதட்டுவதற்கு மேலதிகாரி யாரும் இல்லை என்பது உண்மைதான். அதனால்தானோ என்னவோ, போன் அடித்தாலே அவளுக்குப் பயம். அடிக்காவிட்டாலும் பயம்.

பதினைந்து வருஷத்தில் எத்தனையோ பேர் வேலை கொடுத்தார்கள், காணாமல் போனார்கள். விடாமல் நின்றது ஒரு சோப்புக் கம்பெனி மட்டும்தான். அந்த உறையை முதன்முதலில் வரைந்தபோது அதில் ஒரே ஒரு ரோஜா இருந்தது, பார்க்க லட்சணமாக இருந்தது. அடுத்த வருஷம் மேனேஜர், "இன்னொரு பூ வச்சா எடுப்பா இருக்கும்மா" என்றார். வைத்தாள். அவர் மனைவிக்குப் பிடிக்கும் என்று ஒரு பட்டாம்பூச்சி வந்தது. விற்பனைக்காரர்கள் கேட்டார்கள் என்று தங்க நட்சத்திரம் வந்தது. எல்லாம் தப்பு என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், "சரி சார்" என்றுதான் வரும். முடியாது என்றால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களே என்ற பயம். இப்போது அந்த உறையில் சோப்பின் பெயரையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் மேனேஜர் வரச் சொன்னார். மேஜை மேல் போட்டிக் கம்பெனியின் சோப்பு உட்கார்ந்திருந்தது. வெள்ளை உறை, ஓரத்தில் ஒரு சின்ன இலை, அவ்வளவுதான்.

"பாரும்மா, கடைக்குப் போனா கை தானா இதத்தான் எடுக்குது. உனக்கு ஏன் இப்படி ஒண்ணு தோண மாட்டேங்குது?"

தோன்றியதே அவளுக்குத்தான். ஒரு விளம்பர நிறுவனத்துக்காக அந்த உறையைச் செய்துகொடுத்தவள் அவள். அந்த நிறுவனத்தை நடத்துபவளை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்காவிடம் வாங்கும் வேலையில் அவள் பெயர் வராது, வெளியே மூச்சு விடவும் கூடாது. அதுதான் பேச்சு. வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பதெல்லாம் அக்காவின் பாடு என்பதால் அங்கே இலை இலையாகவே நின்றது.

நான்தான் செய்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அக்கா தரும் வேலை போகும். போட்டிக்காரனுக்கும் செய்தவளா என்று இங்கேயும் கதவைச் சாத்துவார்கள்.

"நல்லா இருக்கு சார்."

"அதான், நாங்க வேற ஆளப் பாக்கலாம்னு இருக்கோம். தப்பா நினைச்சுக்காதம்மா."

"சரி சார்" என்றாள்.

கணவனிடம் சொன்னபோது அவன் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "எங்க ஆஸ்பத்திரில டைப் அடிக்க ஆள் கேக்குறாங்க, சொல்லி வைக்கட்டா?" என்று மெதுவாகக் கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். புது வாடிக்கையாளர் யாராவது வந்தால் எதைக் காட்டுவது? காட்டக்கூடியது பூந்தோட்டம். காட்ட வேண்டியதைக் காட்ட முடியாது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று.

அப்படி ஒரு காலையில்தான் அக்கா கூப்பிட்டாள்.

"ஒரு சோப்பு வேலை வந்திருக்குடி. அவங்களோட பழைய உறைய அனுப்பியிருக்கேன், பாரு. சிரிக்காத."

திறந்தாள். ரோஜாக்கள், பட்டாம்பூச்சி, தங்க நட்சத்திரம்.

"பாத்தியா? எவளோ சரியான பயந்தாங்கொள்ளி செஞ்சிருக்கா. கேட்டதையெல்லாம் கொண்டுவந்து ஒட்டியிருக்கா. ஏய், லைன்ல இருக்கியா?"

சும்மா இருந்தால் போதும். போன வேலை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடும், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு அக்கா அவளைச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

"இருக்கேன்க்கா. அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான்."

"அடிப்பாவி" என்றாள் அக்கா. "சரி, போகட்டும். அவங்களுக்குத் தெரிய வேண்டாம். எப்பவும் போல நீ செய், நான் போய்க் காட்டிக்கறேன்."

"இல்லக்கா. நானும் வர்றேன்."

"உன்னப் பாத்தாங்கன்னா எல்லாம் போச்சு. உனக்கும் போச்சு, எனக்கும் போச்சு. தெரியுதா?"

"தெரியுதுக்கா" என்றாள். "நான் செஞ்சதுக்கு நான்தான் பேசணும். எது வேண்டாம்னு அந்த மேனேஜர் முகத்துக்கு நேரா நானே சொல்லணும். இப்பவும் நீங்களே பேசினா நான் கடைசி வரைக்கும் வாயில்லாமதான் இருப்பேன்."

"நான் கூட்டிட்டுப் போகலேன்னா?"

கணவன் சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி வாசற்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப செய்ய மாட்டேன்க்கா" என்றாள்.