கயிற்றில் வந்த அத்திப்பழம்

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ரயில் நின்றது. இன்சீனைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருக்கும், ஒரு பக்கம் கீரைப் பாத்தி, இன்னொரு பக்கம் மதில், நடுவில் எங்கள் பெட்டி. யாங்கோனில் ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயில் நிற்பதெல்லாம் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். என் மடியில் ஐஸ் டப்பாவில் மகளுக்கு வாங்கிய அடுத்த மாத இன்சுலின் இருந்தது, அவளுக்குப் பிடித்த கோழி பிரியாணிப் பொட்டலம் இருந்தது, சட்டைப் பையில் வீட்டுச் சாவிக் கொத்து இருந்தது. மூன்றும் இருக்க வேண்டிய இடம் தாமுவேயில் எங்கள் மூன்றாவது மாடி வீடு.

இதைச் சொல்வதற்கு முன் ஒன்று. நான் இப்படிப்பட்ட விஷயங்களை நம்புகிறவன் இல்லை. வேதியியல் படித்தவன். என் மனைவி பர்மாக்காரி, வீட்டுத் தெய்வத்துக்குச் சிவப்புத் துணி கட்டித் தேங்காய் தொங்கவிடுவாள், நான் அது காய்ந்ததும் எடுத்துச் சட்னி அரைக்கலாமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. என்னைப் பற்றி நீங்கள் நினைக்கப்போவதுதான் கூச்சமாக இருக்கிறது.

என் மகள் தஸினுக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டாக வேண்டும். இந்த ஒன்றிரண்டு வருடங்களாக எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு பயம் இருக்கிறது, அதை விரித்து எழுதப் போவதில்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நான் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். மனைவி தெற்கே தன் அம்மா வீட்டுக்குப் போனபோது, மகளும் கூடப் போய்விட்டாள் என்று கட்டடம் முழுக்கச் சொன்னேன். வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே இரும்புக் கதவில் பூட்டுப் போட்டேன். பூட்டைப் பார்க்கிறவன் வீட்டில் ஆளில்லை என்று போய்விடுவான் அல்லவா. பால்கனிக்கு வராதே என்றேன். எங்கள் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். காலைப் பலகாரம், செய்தித்தாள் எல்லாம் அதில் மாட்டி மணியை ஆட்டுவார்கள். அந்தக் கயிற்றையும் மேலே இழுத்துச் சுருட்டிக் கம்பியில் முடிந்து வைத்தேன்.

அன்று காலை கிளம்பும்போது அவள் கேட்டாள். "நான் என்ன சைக்கிளா அப்பா? பூட்டிட்டுப் போறீங்க."

"அந்த இருவாச்சிய நெனச்சுக்கோ," என்றேன்.

போன கோடையில் மூன்று பேரும் மனைவியின் ஊருக்குப் போயிருந்தோம். தெற்கே மயெய் நகரத்துக்கும் கீழே, படகில் போக வேண்டிய ஊர். அங்கே காடு கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. மணல் என்று அதிகம் இல்லை, மலை, மலை நிறைய மரம், மரத்தின் வேரில் உப்புத்தண்ணீர். தண்ணீர் வற்றினால் குரங்குகள் இறங்கி வந்து கல்லைப் புரட்டி நண்டு பிடிக்கும். கண் துருத்திய சேற்று மீன்கள் வேரில் ஏறி உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். அந்தக் காடு எந்தக் காலத்திலிருந்து அப்படி நிற்கிறதோ, படகில் போகும்போது பேசவே தோன்றவில்லை. சாயங்காலம் இருவாச்சிப் பறவைகள் தீவுக்குத் தீவு கடலைக் கடந்து போகும். பார்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்கும், இறக்கை அடிக்கும் சத்தம், அப்படியே நீராவி இன்ஜின் மூச்சு விடுவதுபோல. என் தாத்தா இன்சீன் பட்டறையில் இன்ஜினுக்குக் கரி போட்டவர், அந்தச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஒரு பெரிய மரத்தில் கூடு காட்டினார்கள். பொந்தின் வாயை மண்ணால் அடைத்து ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. உள்ளே பெட்டையும் குஞ்சும். ஆண் பறவை வந்து, கழுத்தில் மஞ்சள் பையோடு, காட்டு அத்திப்பழத்தை ஒவ்வொன்றாகக் கக்கிக் கீறல் வழியே கொடுத்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று படகிலேயே பிரசங்கம் செய்தேன். அதற்குப் பிறகு பூட்டும்போதெல்லாம் இந்த உதாரணம்தான்.

"அது உள்ளேருந்து தானேதான் பூசிக்குமாம், நான் படிச்சேன்," என்றாள் தஸின். "வெளிய நின்னு யாரும் பூட்டுறதில்ல."

"சரி சரி. பன்னெண்டரைக்கு ஊசி போட்டுக்கோ. ஒரு மணிக்குள்ள சாப்பாட்டோட வந்துடுவேன்."

"லேட்டானா?"

"நான் என்னிக்கு லேட்டா வந்திருக்கேன்?"

ரயில் நின்றபோது அவள் ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், பிறகு மயக்கம், அதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன். முந்தின ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லை, எங்கள் வீட்டில் எல்லாம் கரண்ட் அடுப்பு, சோறு இல்லை. அவள் போனில் சார்ஜ் இல்லை. வீட்டில் சர்க்கரை இருந்தது, டின் பால் இருந்தது, ஆனால் போன வாரம் அவள் திருட்டுத்தனமாகப் பாலை வழித்துச் சாப்பிட்டாள் என்று எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அந்தச் சாவியும் என் பையில்தான்.

இப்போது நான் சொல்லத் தயங்குவதைச் சொல்கிறேன். முதல் மாடி டோ லட்சுமியின் நம்பர் என்னிடம் இருந்தது. எங்கள் தமிழ்க்காரம்மா, நல்ல மனுஷி; இங்கே மரியாதைக்குப் பெண்களை டோ, ஆண்களை கோ என்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம். ஒரு போன் போட்டிருந்தால் கொல்லனைக் கூப்பிட்டாவது பூட்டை உடைத்திருப்பார். அந்த நம்பரை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். பிள்ளை ஊரில் இல்லை என்று அந்த அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தேனே, இப்போது உள்ளே பூட்டி வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ரயில் இதோ கிளம்பிவிடும், இதோ கிளம்பிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் உயிரைவிட என் மானம் பெரிதாக இருந்தது, வேறு எப்படிச் சொல்ல. பக்கத்தில் இருந்தவர் பிரியாணி வாசம் பிடித்து, "அண்ணே, அது ஆறிப்போயிடும், நான் வேணா உதவட்டுமா?" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

கடைசியில் நம்பரை அழுத்தினபோது லைன் கிடைக்கவில்லை. இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தேன். டாக்சிகளெல்லாம் பெட்ரோல் வரிசையில் நின்றன. எப்படி வந்தேனோ, தெருவில் நுழைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்டது கயிறு. நான் முடிந்து வைத்த கயிறு எங்கள் மாடியிலிருந்து தெருவரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டு நான் போட்டபடியே இருந்தது. திறந்து ஓடினேன். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் தஸின் தரையில் கிடந்தாள், வாயெல்லாம், மோவாயெல்லாம் கருஞ்சிவப்பு. ரத்தம் என்றுதான் நினைத்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்து, "கத்தாதீங்க அப்பா, நான் ஊர்ல இல்லல்ல," என்றாள்.

விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா சாப்பிட்ட?"

"மணி அடிச்சிது. மொதல்ல கை ரொம்ப நடுங்கிச்சு, அலமாரிய இழுத்துப் பாத்தேன், ஒதச்சேன், திறக்கல. அப்புறம் மணி அடிச்சிது. வெளிய கைய நீட்டிக் கயித்த இழுத்தேன். கிளிப்புல பழம், கொப்போட. தின்னுட்டுக் கயித்த விட்டேன், திரும்ப மணி. நீங்கதான் கீழ நிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"கயித்த நீயா அவுத்த?"

"இல்லையே. தொங்கிட்டுதான் இருந்துச்சு."

"யாரையாவது பாத்தியா?"

"கண்ணு தெரியல அப்பா. சத்தம்தான் கேட்டுச்சு. ரயில் மூச்சு விடுற மாதிரி. நம்ம படகுல கேட்டோமே."

தரையில் மிச்சம் சில பழங்கள் கிடந்தன. சின்ன அத்தி, கையில் எடுத்தால் வழவழவென்று ஈரம். கொப்பின் இலையை ஏனோ நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கயிற்றின் கீழ்ப்பாதியும் ஈரம். அன்று யாங்கோனில் ஒரு சொட்டு மழை இல்லை. பிறகு மனைவிக்குப் படம் அனுப்பினேன். எங்க ஊர்க் கரையில, தண்ணி ஓரத்துல இருக்கற மரம், இதை யாரு அங்க கொண்டாந்தது என்று கேட்டாள். தெருவில் கூவி விற்கிறவர்கள் ஒருவர் விடாமல் விசாரித்தேன். வாடகைக்காரர் யாராவது, பிச்சைக்காரர் யாராவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டாக, எல்லாக் காரணமும் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட அந்த உப்பைத் தாண்டவில்லை. இப்போது நான் வெளிப்பூட்டுப் போடுவதில்லை. உள்தாழ்ப்பாளை அவளே போட்டுக்கொள்கிறாள், நான் வந்து தட்டினால் திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம். அலமாரிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது பழமும் இல்லை, கயிறும் இல்லை. அன்று சாயங்காலம் கேட்ட ஒன்று.

ஆறிப்போன பிரியாணியை தஸின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த கதவுக்கு வெளியே டோ லட்சுமி வந்து நின்றார், கையில் ஒரு கிண்ணம் ரவை அல்வாவோடு. தஸினைப் பார்த்து அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"வாங்கக்கா," என்றேன். "இவ... இன்னிக்குத்தான் ஊர்லேருந்து..."

"விடுங்க கோ செல்வம். புள்ள உள்ளதான் இருக்குன்னு தெருவுக்கே தெரியும். நீங்க சொல்ல வேணாம்னு நெனச்சீங்க, நாங்களும் கேக்கல." கிண்ணத்தைத் தஸின் பக்கத்தில் வைத்தார். பிறகு எங்கள் பால்கனிக்கு வந்து, எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"எது அக்கா?"

"அதான், அந்தப் பெரிய கறுப்புப் பறவ. கழுத்துல மஞ்சப் பை தொங்குமே. நீங்க வெளியே பூட்டிட்டுப் படியிறங்கினா வந்து அந்தத் தொட்டி மேல உக்காந்துக்கும், உங்க வீட்டையே பாத்துக்கிட்டு. நீங்க வந்து பூட்டத் திறந்ததும் போயிடும். உங்க பொஞ்சாதி ஊருக்குப் போன நாள்லேருந்து இதுதான் நடக்குது." என் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "புள்ளைக்குக் காவலா நீங்கதான் வாங்கி வளக்குறீங்கன்னு இல்ல நெனச்சோம்?"