மூக்குக்கு மேல் கோபம்

டிரைவிங் ஸ்கூலில் அத்தைக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் சிவப்புக் கார் அவளுடையது. அதை அவள் மிதிக்கிற மிதியில், ஓட்டப் பழக வந்தவர்களின் உயிர் தொண்டைவரை வந்து திரும்பும். காலால் மிதிப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், வாயால் மிதிப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்பார்கள். அதுவும் சாலையோர மரங்கள் பூத்துக் குலுங்கும் காலத்தில், விவரம் தெரிந்த யாரும் அவளிடம் பழக வருவதில்லை. புது ஆட்கள்தான் மாட்டுவார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மாடியில் அத்தை தனியாக இருந்தாள். கீழே தம்பி, தம்பி மனைவி, அவர்களின் ஏழு வயது மகள். மரங்கள் பூத்துவிட்டால் தம்பி மாடிப்படியில் பூனை மாதிரி நடப்பான். சுவருக்கு வெள்ளை அடிப்பதோ, விருந்தாளியைக் கூப்பிடுவதோ, எதுவானாலும் அக்காவின் சீசன் முடியட்டும் என்று தள்ளிவைப்பான். இதெல்லாம் அத்தைக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒருத்திக்குப் பயந்து ஒரு குடும்பமே காலண்டரைப் புரட்டுகிறது என்றால் சும்மாவா?

தான் கோபக்காரி என்பது பள்ளிக்கூட நாட்களிலேயே அவளுக்கு முடிவாகிவிட்ட சங்கதி. மூக்குக்கு மேல் கோபம் வருகிறது இவளுக்கு என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி, உயரம், நிறம் போல அதுவும் அவளுடைய அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. தான் சொன்னது எவ்வளவு சரி என்று அந்த அம்மாவுக்கே தெரியாது.

தம்பி மகளை வீட்டில் ‘பட்டாசு’ என்று கூப்பிட்டார்கள். மற்ற மாதங்களில் அது நமத்துப்போன பட்டாசுதான். வைத்த இடத்தில் உட்காரும், கொடுத்ததைத் தின்னும். மரங்கள் பூத்ததும் திரி பற்றிக்கொள்ளும். செருப்பு கால் மாறி ஏறினால் அழுகை. ரொட்டியைக் குறுக்கே வெட்டினால் ரகளை. காலையில் எழுப்பப் போகிறவருக்கு உதை நிச்சயம். தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் அடுத்தவர் மூக்கில் பிரேமைப் பொருத்தி, வளைத்து, நிமிர்த்திப் பொறுமை பழகியவள். அவளுக்கே பொறுமை எல்லை தாண்டும். அப்படியே அத்தையை உரித்து வைத்திருக்கிறது என்று நாக்கு நுனிவரை வரும். மாடிக்குக் கேட்டுவிடுமே என்று மென்று விழுங்கிவிடுவாள்.

அத்தைக்கும் பட்டாசுக்கும் இன்னொரு ஒற்றுமையும் இருந்தது. இருவர் மூக்கிலும், நுனிக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு மெல்லிய கோடு. அது வம்சத்து முத்திரை என்று அத்தை சாதிப்பாள். அந்தக் கோடு உள்ளவர்கள் யாருக்கும் தலைகுனிய மாட்டார்களாம்.

ஒரு நாள் வகுப்புக்கு நடுவில் அத்தைக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பட்டாசு, பக்கத்து இருக்கைப் பையனின் பென்சில் டப்பாவில் பசையை நிரப்பிவிட்டாளாம். தம்பி வெளியூரில். தம்பி மனைவியால் கடையை விட்டு வர முடியாது. அப்போது காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். டிரைவிங் டெஸ்டில் தோற்றுத் தோற்றுத் திரும்பி வருகிறவர். அடுத்தவர் ஈறில் ஊசி குத்தும்போது நடுங்காத கை, கியரைத் தொட்டதும் நடுங்கும். வண்டியைப் பள்ளிக்கு விடச் சொன்னாள் அத்தை. நடந்து போயிருந்தால் அவர்கள் இன்னும் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஆசிரியை நடந்ததைச் சொன்னார். பட்டாசு ஓயாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்துப் பையன் ஒவ்வொரு உறிஞ்சலையும் சத்தமாக எண்ணியிருக்கிறான்.

“எது வரைக்கும் எண்ணினான்?” என்று கேட்டாள் அத்தை.

ஆசிரியை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பசையை நானாக இருந்தால் அவன் தலையில் கொட்டியிருப்பேன் என்று நினைத்ததை நல்லவேளையாக அத்தை வெளியே விடவில்லை. பாடத்தில் கவனமில்லை, மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறாள், தொட்டால் சீறுகிறாள் என்று ஆசிரியை அடுக்கிக்கொண்டே போனார். போன மாதம்வரை வகுப்பில் இருந்தது இந்தப் பெண்தானா என்றே தனக்குச் சந்தேகமாக இருப்பதாகவும் சொன்னார்.

திரும்பும் வழியில் பட்டாசு பின் இருக்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டரின் கண் உள்கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“டாக்டர், ரோடு முன்னாடி இருக்கு.”

“குழந்தை வாயாலதான் மூச்சு விடுது, கவனிச்சீங்களா?”

“நான் உங்க கிளட்ச்சைக் கவனிச்சுக்கிட்டு இருக்கேன்.”

வாய்களையே பார்த்துப் பிழைப்பவருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை போலும். “நீங்களும் அப்படித்தான் விடுறீங்க” என்றார்.

அத்தை பிரேக்கை மிதித்தாள். நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் இல்லை. சாலையோரம், பூத்து நின்ற ஒரு மரத்தடியில் கார் நின்றது. பல்லைப் பார்க்கிறவர் பல்லோடு நிற்க வேண்டும் என்று தொடங்கி நாலு வார்த்தை சுடச்சுடச் சொல்ல வாயெடுத்தவள், உள்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் பட்டாசு, உள்ளங்கையால் மூக்கை நுனியிலிருந்து மேல்நோக்கி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் அத்தையின் கையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. பல் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படியே தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் அந்தக் கோடு விழுது” என்றார் கடைசியில், மெதுவாக. வம்சத்து முத்திரை அந்த மரத்தடியிலேயே கவிழ்ந்தது.

அவரையே குழந்தை டாக்டரின் கிளினிக்குக்கு ஓட்டச் சொன்னாள். குழந்தை டாக்டர் மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணுக்கடியில் கருத்திருந்ததைப் பார்த்தார். எந்தெந்த மாதம் இப்படி ஆகிறது என்று விசாரித்தார். மகரந்தம் ஒத்துக்கொள்ளாத அலர்ஜி. இரவு மூக்கடைத்துத் தூக்கம் கெடுகிறது, பகலெல்லாம் கண்ணும் மூக்கும் அரிக்கிறது, அப்புறம் பாடத்தில் கவனம் எங்கிருந்து வரும் என்றார்.

“பெரியவங்கன்னா அசதியா இருக்குன்னு சொல்லிடுவாங்க. குழந்தைக்கு அது சொல்லத் தெரியாது. பசையை ஊத்தத்தான் தெரியும்.”

மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். விளையாடி வந்ததும் குளிக்க வையுங்கள், காற்றடிக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள், கடையில் கிடைக்கிற சளி மருந்தை உங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்காதீர்கள், சில மருந்து தூங்கவைக்கும், சிலது குதிக்கவைக்கும் என்றார். எல்லா அடத்தையும் மூக்கின் தலையில் கட்டிவிடவும் வேண்டாம் என்று சிரித்தார். பிறகு அத்தையின் மூக்கைப் பார்த்துவிட்டு, நீங்களும் உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்றார்.

சில வாரங்களில் பட்டாசு உதைக்காமல் எழுந்தாள். எண்ணிய பையனோடு சிநேகமாகி, அவன் பசையையே கடன் வாங்கினாள். ஆனால் புதுச் சொல் ஒன்றையும் கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடமா, அலர்ஜி. பீன்ஸா, அலர்ஜி. பொம்மைகளை எடுத்து வைக்கச் சொன்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சுவாள். அம்மா பாவம், உருகிவிடுவாள். அத்தையிடம் அது பலிக்கவில்லை.

“மூக்கு அடைச்சிருந்தா ‘மணி’ன்னு சொன்னா ‘படி’ன்னுதான் வரும். எங்க, மணி சொல்லு.”

“மணி.”

“அடைக்கல. படி.”

பட்டாசு முறைத்துக்கொண்டே புத்தகத்தை எடுத்தாள்.

அத்தையும் வைத்தியம் செய்துகொண்டாள். கார் ஓட்டுகிறவள் என்பதால் தூங்கவைக்காத மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார் அவள் டாக்டர். அடுத்த முறை மரங்கள் பூத்தபோது, வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்கு அந்தப் பூவின் வாசம் தெரிந்தது. அவ்வளவு ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஆனால் இரவெல்லாம் தூங்கினாள். காலையில் யாரையும் கடிக்கத் தோன்றவில்லை. அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. தன் வாழ்க்கையில் எந்தெந்தச் சண்டை இந்த மாதங்களில் வந்தது என்று யோசித்தாள். பேச்சு முறிந்துபோன ஒரு தோழி நினைவுக்கு வந்தாள். ஒரு குடைக்காக நடந்த சண்டை. எண்ணைத் தேடியெடுத்துக் கூப்பிட்டாள். தோழிக்குக் குடை மறந்துபோயிருந்தது, திட்டியது மறக்கவில்லை. இருந்தாலும் நெடுநேரம் பேசினார்கள்.

டிரைவிங் ஸ்கூலில்தான் சிக்கல் வந்தது. திட்டு விழாது என்று தெரிந்ததும் ஆட்கள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். பல் டாக்டருக்கோ பயம் இரட்டிப்பானது. திட்டவே மாட்டேனென்கிறீர்களே, அவ்வளவு மோசமாகவா ஓட்டுகிறேன் என்று கேட்டார். கொஞ்சமாவது கோபப்படுங்கள் என்று முதலாளியே வந்து கெஞ்சினார். அத்தை முயன்று பார்த்தாள். தும்மலே இல்லாமல், வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைத்துவிடுகிற கோபம். பழகியதும் அது முன்னதைவிட நன்றாகவே வேலை செய்தது.

வீட்டில் தம்பி மனைவிக்குத் தைரியம் வர மேலும் சில நாள் பிடித்தது. ஒரு மாலை மாடிக்கு டீ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லலாமா?”

ஒன்று என்று ஆரம்பித்தது ஒன்றோடு நிற்கவில்லை. வாசலை அடைத்துக் காரை நிறுத்துவது. துவைத்த துணியை எடுத்துக் கீழே எறிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் தன்னை ‘அந்தப் பொண்ணு’ என்றே குறிப்பிட்டது. முன் அறைத் திரைச்சீலையைப் பார்த்து விருந்தாளிகள் முன்னால் சிரித்தது. இத்தனை வருஷமும் அவள் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தாள். அத்தை டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் அலர்ஜியால வந்தது. இப்பத்தான் புரியுது. நான் தப்பா எடுத்துக்கல அண்ணி” என்று பெருந்தன்மையோடு முடித்தாள் தம்பி மனைவி.

வசதியான வழிதான். தலையாட்டிவிட்டால் அத்தனை கணக்கும் தீர்ந்துவிடும். அத்தை கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பொண்ணுன்னு சொன்னேன் பாரு, அது மூக்கு இல்லம்மா. அது நான்தான். தம்பி என்னை விட்டுட்டுப் போயிடுவானோன்னு பயம். தப்புதான், மன்னிச்சுக்கோ.”

தம்பி மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“திரைச்சீலையும் மூக்கு இல்ல” என்றாள் அத்தை. “அது நெஜமாவே நல்லா இல்ல.”

நிறைந்த கண்ணோடு தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. “எனக்கும் ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல அண்ணி. உங்க தம்பி ஆசையா வாங்கிட்டு வந்தது.”

தம்பி வேலை முடிந்து வந்தபோது முன் அறை ஜன்னல் வெறுமையாக இருந்தது. அக்கா நாற்காலி மேலும் மனைவி ஸ்டூல் மேலும் நின்று கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே பட்டாசு, திரைச்சீலையைத் தோளில் போர்த்திக்கொண்டு ராணி மாதிரி உலாவிக்கொண்டிருந்தாள். அவன் என்ன ஏது என்று கேட்க வாயைத் திறந்தான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சட்டையை மாற்ற உள்ளே போய்விட்டான்.