பலகைக்குப் பாரம்

சிறுவர்களுக்காக விசையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரும்படி நண்பர் ஒருவர் கேட்டபோது நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஒப்புக்கொண்ட பிறகு யோசிப்பதுதான் என் பழக்கம். வவுனியாவில், வீட்டு மின்விசிறிக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை எழுதினேன். பனித்தரை ஒன்றில் ஒரு சிறுமி வழுக்கிச் செல்கிறாள். உராய்வு குறைவு என்பதால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறாள். எழுதி முடித்தபோது எனக்கே இலேசாகக் குளிர்ந்தது.

நண்பர் வாசித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனால் எங்கட பிள்ளையள் ஐஸைக் கண்டது மீன்பெட்டிக்குள்ள. அதில ஏறி வழுக்கச் சொல்லுறீங்களோ?"

வேறு உதாரணம் தேடுகிறேன் என்றேன். அது சிறுபோக விதைப்புக் காலம். மனைவியின் தம்பி முரசுமோட்டையில் வயல் செய்கிறவர். விதைப்புக்கு ஒருமுறை போய்வரவேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். வயலில் உதாரணங்கள் விளைந்து கிடக்கும் என்ற நம்பிக்கையில் நானும் புறப்பட்டேன். பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டோ பிடித்தோம். நான் ஏறிய பக்கம் அது கொஞ்சம் பணிந்து வணக்கம் சொன்னது.

இந்த இடத்தில் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நிறையைக் குறைக்கும்படி மருத்துவர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். ஒரு பொருளில் உள்ள சடப்பொருளின் அளவான திணிவு எங்கே போனாலும் மாறாது, சந்திரனுக்குப் போனால் நிறை மட்டும் தானாகக் குறையும் என்று அவருக்கு ஒருநாள் விளக்கினேன். "பஸ் இருந்தால் போங்கோ" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சான் வரம்பில் நின்று வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். சேறாக்கிய வயலில் லான்ட்மாஸ்டர் நின்றது. இரண்டு சில்லும் இரண்டு கைபிடியும் உள்ள அந்தச் சிறிய உழவு இயந்திரத்தின் பின்னால், இரண்டு பக்கக் கயிற்றிலும் ஒரு அகலமான பலகை கட்டியிருந்தது. சேற்றை மட்டப்படுத்தும் பலகை. அதன்மேல் ஒரு ஆள் பாரமாக ஏறி நிற்கவேண்டும். மேட்டுச் சேற்றை வழித்துப் பள்ளத்தில் போடும் வேலை அது. மேடு காய்ந்து புல் பிடிக்கும், பள்ளத்தில் தண்ணீர் நின்று விதை அழுகும். இரண்டும் இல்லாமல் வயல் கண்ணாடிபோல இருந்தால்தான் விதைக்கலாம்.

வழக்கமாக ஏறி நிற்கும் பக்கத்து வயல்காரர் நெடுங்கேணிக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். ஆளில்லாத வெறும் பலகையை இழுத்துப் பார்த்தாராம் மச்சான். அது மேட்டையும் பள்ளத்தையும் சமமாகத் தடவிக்கொடுத்துவிட்டு வாத்துப்போல மேலால் மிதந்து போயிருக்கிறது.

"நாளைக்கு அவர் வந்திடுவார்தானே?" என்று மனைவி கேட்டாள்.

மச்சான் மரநிழலில் இருந்த ஈரச்சாக்கு ஒன்றை அவிழ்த்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துக் காட்டினார். எல்லா மணியிலும் வெள்ளை முளை.

"இண்டைக்கு எறிய வேண்டிய விதையக்கா. நாளைக்கு வேர் ஒண்டோட ஒண்டு சிக்கிப் போயிடும். பிறகு பிய்ச்சுத்தான் எறியவேணும், முளையும் முறிஞ்சிடும். வாய்க்கால் தண்ணியும் பின்னேரத்தோட பூட்டிடுவினம். சேறு இறுகினால் பலகை இழுக்காது."

சாக்கைத் திரும்பவும் கட்டினார். பிறகு அவரது பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பி, தலையில் தொடங்கி, வயிற்றில் வந்து நின்றது.

"அத்தான், நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா ஏறி நிண்டால் காணும்."

"இவருக்கு முழங்கால் சரியில்லை" என்றாள் மனைவி.

"முழங்கால் எனக்குத் தேவையில்லையக்கா. அதுக்கு மேல உள்ளதுதான் வேணும்."

"விழுந்தாரெண்டால் தூக்க இன்னொரு லான்ட்மாஸ்டர் பிடிக்கவேணும். சொல்லிப்போட்டன்."

எத்தனையோ கூட்டங்களில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இருப்பதே போதும், பேசவேண்டாம் என்று என்னை அழைத்தவர் மச்சான் ஒருவர்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

பலகையில் ஒரு கைக்கயிறு இருந்தது. அதை நாகரிகமாக இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கப்போகிறவனைப்போல நிமிர்ந்து நின்றேன். மச்சான் கைபிடிகளுக்கு நடுவில் நின்று இயந்திரத்தை விட்டார். கயிறு விறைத்தது. பலகை புறப்பட்டது. பலகையோடு என் பாதங்களும் புறப்பட்டன. எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று மீதி உடம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கப் பார்க்கும். அதற்குச் சடத்துவம் என்று பெயர். அதை நான் சேற்றில் உட்கார்ந்தபடி நினைத்துப் பார்த்தேன். இருப்பு வசதியாகத்தான் இருந்தது.

வரம்பில் மனைவி சீலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"பஸ்ஸில நிக்கிற மாதிரி நில்லுங்கோ" என்றார் மச்சான்.

அது எனக்கு வரும். இந்தப் பாதையில் பஸ் எடுக்கும் விதத்தைப் பழகியவனுக்கு வேறு பயிற்சி தேவையில்லை. முழங்காலை மடித்து, கயிற்றை இறுக்கிப் பிடித்து, புறப்படும் முன்பே உடம்பை முன்னுக்குச் சாய்த்தேன். இம்முறை முழுவதுமாகப் போனேன். பலகை என்னையும் சுமந்து வயலின் நீளத்துக்கு ஓடியது. நான் உட்கார்ந்து எழும்பிய பள்ளத்தின்மேல் அடுத்த சுற்றில் நானே சேற்றை இழுத்து மூடினேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. பாரம் நல்லதென்றால் இன்னும் பாரம் இன்னும் நல்லதுதானே. ஓர் உரப்பையில் மணலை நிரப்பி எனக்கு முன்னால் வைத்துக் கட்டினார். நானும் தலையாட்டினேன், இருவருமாகப் பிழை விட்டோம் என்றுதான் சொல்லவேண்டும். பலகையின் முன்விளிம்பு சேற்றைக் கடித்தது. வழித்த சேறு முன்னால் குவிந்து குவிந்து என் முழங்கால் மட்டுக்கு எழும்பியது. லான்ட்மாஸ்டரின் இரும்புச் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றி, தங்களுக்கு இரண்டு குழி தோண்டத் தொடங்கின. மச்சான் வேகத்தைக் கூட்டினார். குழிகள் நன்றாக வந்தன.

"எஞ்சினுக்கு இழுவை காணாது" என்றார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவர் மரநிழலைத் திரும்பிப் பார்த்தார். சாக்குகள் அங்கேயே இருந்தன.

அந்த நிமிடம் எனக்கு, வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைக்கும் ஒரு தெளிவு கிடைத்தது. இயந்திரம் முன்னுக்கு இழுக்கிறது. முன்னால் குவிந்த சேறு அதே அளவுக்குப் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் சமம், ஆகவே ஒருவரும் எங்கும் போகவில்லை. இழுப்பைக் கூட்டினால் சில்லுத்தான் வழுக்கும். மறிப்பதைக் குறைக்கவேண்டும்.

"மணலை இறக்குங்கோ" என்றேன்.

"அத்தான், பாரம் குறைஞ்சு போகுமே."

"பாரம் நானிருக்கிறன். இடத்தைத்தான் மாத்தவேணும்."

மணலை இறக்கினார். நான் பலகையின் பின்விளிம்புக்குத் தள்ளி, குதிக்காலில் பாரத்தைப் போட்டு நின்றேன். முன்விளிம்பு மெல்ல எழும்பியது. குவிந்திருந்த சேறு பலகைக்குக் கீழால் வழிந்து பின்னுக்குப் போனது. சில்லுகள் பிடித்தன. லான்ட்மாஸ்டர் பெரிய இருமல் ஒன்றை இருமிவிட்டுக் குழியை விட்டு ஏறியது.

அதன் பிறகு அந்த வயலில் நான் செய்ததை அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேடு வந்தால் ஓரடி முன்னுக்கு வந்தேன், பலகை கடித்தது. பள்ளம் வந்தால் பின்னுக்குப் போனேன், வழித்ததை அங்கே விட்டது. இத்தனை வருடமாக என்னை வைத்தியசாலைத் தராசுகளில் வெட்கப்படுத்திய அதே நிறை, இரண்டு பாதங்களுக்கு நடுவில் அரையடி இடம் மாறி ஒரு வயலையே மட்டமாக்கியது. மச்சான் திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். கடைசிச் சுற்றுக்கு முன்னால் தண்ணீரை மெல்லியதாகப் பரவவிட்டபோது அது எந்த இடத்திலும் தேங்காமல், எந்த இடத்தையும் விடாமல் மூலைவரை போனது.

"அக்கா, இவரை ஏன் இவ்வளவு நாளும் வீட்டில வச்சிருந்தனீங்கள்?"

இதைக் கேட்டு, ஓடும் பலகைமேல் நான் மார்பை நிமிர்த்தினேன். முழங்காலையும் நிமிர்த்தினேன். அப்போது கடைசி மூலை வந்துவிட்டதால், மச்சான் இயந்திரத்தை நிறுத்தினார். பலகை நின்றது. ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் என்று என் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். நான் தொடர்ந்து போனேன். கையிரண்டையும் விரித்தபடி, முகம் முதலில்.

என்னை எழுப்பிவிட்டு மச்சான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். காலால் இரண்டு தரம் தடவிவிட்டு, "கிடக்கட்டும், விதை முக்கியம்" என்று சாக்கைத் தூக்கினார். வாய்க்கால் பூட்டுவதற்கு முன்னமே முழு வயலுக்கும் முளைநெல் எறிந்தாகிவிட்டது. மனைவி சேற்றோடு என்னைக் கிணற்றடிக்கு நடத்திக்கொண்டு போனாள், பசுவைக் கொண்டுபோவதுபோல.

கொஞ்ச நாள் கழித்து மச்சான் ஒரு படம் அனுப்பினார். வயல் முழுக்க ஒரே உயரத்தில் பச்சை. ஒரு மூலையில் மட்டும் கை விரித்துக் குப்புறக் கிடக்கும் ஒருவரின் உருவத்தில் தண்ணீர் நின்றது. அதில் ஒரு நாற்றும் இல்லை. வயிற்றுப்பகுதி விசேடமாகத் தெளிவு. நெருக்கமாக முளைத்த இடத்தில் கிளறி எடுத்து அதில் நட்டுவிடுவதாக எழுதியிருந்தார்.

நண்பருக்கு அந்தப் படத்தையும் புதிய முதல் அத்தியாயத்தையும் அனுப்பினேன். பனிச்சிறுமி விடைபெற்றுவிட்டாள். நண்பர் ஒரு திருத்தமும் சொல்லாமல், படத்தைப் பெரிதாகப் போடலாமா என்று மட்டும் கேட்டார்.

அறுவடை முடிந்த பிறகு மச்சான் அழைத்தார். நெல் நல்லாய் விழுந்ததாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா சொன்னவா, டொக்டர் உங்களைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னவராம்."

"ஓம்."

"வாற சிறுபோகம் வரைக்கும் அவற்ற கதையைக் கேட்டு மெலிஞ்சு போயிடாதேங்கோ அத்தான். பிறகு நான் மணல் மூட்டைதான் வைக்கவேணும். அதுக்குப் பின்னுக்குத் தள்ளி நிக்கத் தெரியாது."