கலந்தர் நானாவின் பெருத்த வத்தகப்பழங்கள்

நாலந்தாவில் கலந்தர் நானாவைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விட்டதுமில்லை. கடை வைத்தார், மிளகு வாங்கி விற்றார், லொறி ஓட்டினார். எதுவும் ஒரு வருடம் தாண்டவில்லை. பேச்சு மட்டும் ஓயவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் அவருக்குப் பள்ளிவாசல் டிரஸ்டியாகும் ஆசை வந்தது. இறக்குமதி நின்று, கடைகளில் பேரீச்சம்பழம் கிடைக்காத நேரம். முதல் நோன்பு திறக்க ஊருக்கே தன் வயல் வத்தகப்பழம் என்று ஜும்ஆத் தொழுகையில் எழுந்து சொல்லிவிட்டார். நோன்பின் முதல் வெள்ளியில் டிரஸ்டி தெரிவு.

வத்தகப்பழம் என்றால் தர்பூசணி. அது இனிக்குமா என்று அவர் யோசிக்கவில்லை. பெரிதாக இருந்தால் போதும். காலையில் இடுப்பில் சாரத்தின் மேல் கட்டும் அகலப் பெல்ட்டைக் கழற்றிப் பழங்களைச் சுற்றி அளப்பார். ஒரு கை சாரத்தைப் பிடித்திருக்கும், மறு கை தெருவில் போகிறவர்களைக் கூப்பிடும். அவர் வயலை ஒட்டிய எங்கள் வீட்டு வேலிக்குத் தெரியாதது எதுவுமில்லை.

பக்கத்து வயல் ஹமீமாவுடையது. புருஷன் மௌத்தானபின் தனியாகவே அதே வத்தகப்பழம் பயிர் செய்தாள். பறிக்கப் பத்து நாள் இருக்கும்போதே மடையை மண் போட்டு அடைத்தாள். மத்தியான வெயிலில் அவளுடைய கொடிகள் சுருண்டன.

"ஒரு வாய் தண்ணி குடுக்காம சாகடிக்கிறியே தங்கச்சி" என்றார் நானா.

"இனி தண்ணி விட்டா ஊதும் நானா, இனிக்காது. ஒங்கடதையும் அடைச்சிடுங்க."

பெண்பிள்ளை சொல்லிக் கேட்டால் டிரஸ்டி ஆவது எப்படி? அவளுடைய தண்ணீர் முறையையும் கேட்டு வாங்கித் தன் வயலுக்குப் பாய்ச்சினார். பெல்ட் எட்டாத அளவுக்குப் பழங்கள் பெருத்தன. பறிக்க இரண்டு நாள் இருக்கையில் ஒவ்வொன்றாக வெடித்தன. பாதி, எறும்புக்கும் காகத்துக்கும் போயிற்று. மீதியே ஊருக்குக் காணும் என்று வண்டியில் ஏற்றினார்.

பள்ளிவாசலில் நடந்ததை வாப்பா வந்து சொன்னார். பாங்கு சொன்னதும் எல்லோரும் கடித்தார்களாம். வெளிறிய சதை, நாக்கில் ஒரு ருசியும் இல்லை. மூத்த டிரஸ்டி புஹாரி ஹாஜியார் பழத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"கை கால் கழுவி ஒழு எடுக்கிற ஹவுல் தொட்டியில தண்ணி நெறயத்தானே ஈக்குது கலந்தர், வண்டி கட்டினது ஏன்?"

பள்ளிக்குள் சிரிக்க முடியாமல் எல்லோரும் இருமினார்களாம்.

மறுநாள் ஹமீமாவின் சின்னப் பழங்களைப் பள்ளியிலிருந்தே வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். நானாவும் மூன்று துண்டு தின்றார். தின்றுவிட்டு, தனக்கு வாய்த்த விதை சரியில்லை என்றார். இருவரும் ஒரே பையில் விதை எடுத்தவர்கள்.

வெள்ளிக்கிழமை அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை. தானே சொல்லலாமா என்று கேட்டாராம். கூடாது என்றுவிட்டார்கள்.