சும்மா போகும் வண்டி

என் தம்பி என்ன பண்றான் என்று யாராவது விசாரித்தால் போதும், என் முகம் தொங்கிப்போகும். "சும்மா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். நாற்பதைத் தாண்டிய ஆம்பிளை, கைகால் நன்றாக இருக்கிறது, சொந்தமாக ஒரு வேன் வேறு. அவன் சும்மா இருக்கான் என்றால் கூடப்பிறந்தவளுக்கு எப்படி இருக்கும்? தெருவில் அவனுக்குப் பட்டப்பேரே 'சும்மா'தான். சின்ன வயதிலேயே அப்படி. எங்கேடா போனே என்று கேட்டால் சும்மா என்பான். எதுக்குடா சிரிக்கிறே என்றால் அதற்கும் சும்மா.

அவன் வேலையில்லாத ஆளும் இல்லை. ஒரு டூரிஸ்ட் பஸ் முதலாளியிடம் வருஷக்கணக்காக ஓட்டினான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதலாளிக்குச் சட்டை, பேன்ட் எல்லாம் என் தையல் கடையில்தான் தைப்பது. பஸ் போவது ஒரே இடம், பெரிய அருவி. லீவு விட்டால் ஊரே அங்கேதான் போய் விழும். நானும் ஒரு தடவை போனேன். எள்ளு போட்டால் கீழே விழாது. அருவி எங்கே என்று எட்டிப் பார்த்தால் மண்டைகள்தான் தெரிந்தன. என் மேல் விழுந்த தண்ணீர் அருவித் தண்ணீரா, முன்னால் நின்றவர் தலையைத் துவட்டிய தண்ணீரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ஒருநாள் இவன் என்ன பண்ணினான், அருவிக்கு முன்னால் நின்ற வண்டி வரிசையைப் பார்த்துவிட்டு பஸ்ஸை வேறு ரோட்டில் திருப்பிவிட்டான். யாரும் போகாத ஒரு ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தினான். பாதிப் பேர் மணலில் படுத்துத் தூங்கினார்கள். மீதிப் பேர் முதலாளிக்கு போன் போட்டார்கள். அன்றைக்கே வேலை போயிற்று. வருத்தப்படுவான் என்று பார்த்தால், கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய வேனை வாங்கிவந்து என் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"இனிமே கூட்டம் இல்லாத இடத்துக்குத்தான் ஓட்டுவேன்க்கா."

"அங்க என்னடா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் விசேஷம்."

"ஒண்ணும் இல்லாத இடத்துக்கு எவன்டா வண்டி ஏறி வருவான்? அது அவனவன் வீட்டுலயே இருக்கு."

சிரித்தான். ஒரே ஒரு ரயில் நிற்கிற ஸ்டேஷன் ஒன்று இருக்கிறதாம், மரத்தடியில் நல்ல பெஞ்சு போட்டிருக்கிறார்களாம். மலைப்பாதையில் ஒரு வளைவில் மேகம் காலடிக்கு வருமாம். பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி ஒவ்வொரு இடத்தையும் வர்ணித்தான். வேன் என்னவோ வாசலை விட்டு நகரவில்லை. காக்கா எச்சத்தைத் துடைப்பதுதான் அவனுக்கு வேலை.

இந்த நிலைமையில் பேன்ட் வாங்க வந்த முதலாளி, "போனது போகட்டும்மா. திங்கக்கிழமை வந்து ஒரு மன்னிப்பு கேக்கச் சொல்லு, பஸ்ஸைக் குடுத்துடறேன்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அனுப்பிவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தம்பியிடம் கறாராகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ட்ரிப் ஓட்டிக்க. வந்த ஜனங்க மறுபடியும் வர்றேன்னு சொன்னா நீ ஜெயிச்சே. இல்லன்னா மறுநாள் போய் மன்னிப்பு கேட்டுட்டு அருவிக்கே ஓட்டு."

"சரிக்கா" என்றான். ஜன்னல் ரப்பரை நகத்தால் நோண்டிக்கொண்டே நின்றான். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வேனின் பின்னால் அவன் பெயின்ட் வைத்து என்னவோ எழுதினான். காலர் தைத்துக்கொண்டிருந்த நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் கூட்டம். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும், சலூன்காரரும் அவருடைய மாமியாரும், லாண்டரிக்காரர் குடும்பத்தோடு, ரிட்டயர்டு டீச்சரம்மா தொப்பியோடு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்ன டீச்சர், தம்பிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தீங்களா?"

"சொல்லி வேற வைக்கணுமா? காசு வாங்காம கூட்டிட்டுப் போறதாதானே எழுதியிருக்கு? நல்ல மனசும்மா உன் தம்பிக்கு."

பின்னால் போய்ப் பார்த்தேன். 'சும்மா போயிட்டு வரலாம், வாங்க.' கொட்டை எழுத்தில். ஒரு காரணமும் இல்லாமல் போய்வரலாம் என்று இவன் எழுதியிருக்கிறான். ஓசியில் போய்வரலாம் என்று ஊர் படித்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"எல்லாரையும் இறக்கிவிடுடா."

"ஏறி உக்காந்துட்டாங்கக்கா. பாவம், டீச்சர் தொப்பியெல்லாம் போட்டிருக்காங்க."

கடையைப் பூட்டிவிட்டு நானும் ஏறினேன். அவனைத் திட்ட ஆள் வேண்டுமே.

அதே ஆற்றங்கரைதான். ஆறு இரண்டாகப் பிரிந்து போகிறது. நடுவில் மணல்மேடு. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். கரையில் ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரர் பெஞ்சில் படுத்திருந்தார். "பால் இருக்கு, தூள் இருக்கு, போட்டுக் குடிங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

சலூன்காரர் மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். யாருக்கும் அஞ்சாத வாய் அவருக்கு.

"இங்க எதைத் தம்பி பாக்கணும்?"

"எதையும் பாக்க வேணாம்மா. சும்மா உக்காருங்க."

அந்தம்மா ஆற்றைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் டீ போட்டார். "வீட்டுல வெந்நி வைக்கத் தெரியாதுன்னு சொல்ற மனுஷன் இவரு" என்று அவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னார். சலூன்காரரும் லாண்டரிக்காரரும் தட்டைக் கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் சில்லு விட்டு, யாருடையது அதிக தூரம் போனது என்று சண்டை பிடித்தார்கள். டீச்சரம்மா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார்.

நான் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஓட்டின காலத்தில் எப்போதும் சிடுசிடு என்றுதான் இருப்பான். இங்கே சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். அவனுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நானும் காலைத் தண்ணீருக்குள் விட்டேன். மெஷின் பெடலை மிதித்து மிதித்துக் காய்த்துப்போன கால். தைக்காமல் கிடக்கிற காலர்கள் கொஞ்ச நேரம் ஞாபகத்துக்கு வந்தன. அப்புறம் வரவில்லை.

கிளம்பலாம் என்றால் ஒருத்தரும் அசையக் காணோம். டீச்சரம்மா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்கப்பா?"

தம்பி என்னைப் பார்த்தான். "தெரியல டீச்சர்."

"எங்கயாவது கூட்டிட்டுப் போ. ஆனா காசு வாங்கிக்க. ஓசியில வந்துட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்னு கேக்க வாய் வருதா?"

"எனக்கு ஜன்னல் சீட்டு" என்றார் சலூன்காரர் மாமியார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. முதலாளி.

"ஏம்மா, நாளைக்கு வர்றான்ல? இப்ப என்ன பண்ணிட்டிருக்கான் உன் தம்பி?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையில் அந்தம்மாவின் செருப்பு, இன்னொரு கையில் அந்தம்மாவின் கை, தண்ணீருக்குள் மெதுவாக நடத்திக் கூட்டிவந்துகொண்டிருந்தான்.

"சும்மா இருக்கான்" என்றேன்.

"அதான் சொல்றேன். சும்மா இருக்கிறவனை எதுக்கு வீட்டுல வச்சிருக்கே? அனுப்பி வை."

"இல்லங்க. அவன் சும்மா இருக்கான். இனிமே வரமாட்டான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சரி, நீ என்னம்மா பண்றே?"

"நானும்தாங்க" என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டுவிட்டு, காலை மறுபடியும் தண்ணீருக்குள் விட்டேன்.